குடவோலையும் குடிமைக் கல்வியும்

காஞ்சி மாநகரின் பெருமையைப் பேசப் புகுவோர் அதன் கல்விச் சிறப்பிலிருந்தே தொடங்குவது வழக்கம். திருநாவுக்கரசர் இந்நகரைக் கல்விக்கு எல்லை காணாத ஊராகப் போற்றினார். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நாளந்தாவின் தலைமையாசானாக விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சியே என்று எழுதிவைத்தார். நம் இலக்கிய வட்டத்தின் மேடையிலும் இப்பெருமை பலமுறை முழங்கியிருக்கிறது. ஆயினும் அக்கல்வி யாருக்குக் கிடைத்தது, அது மனிதரை ஊருக்குப் பொறுப்புடையவராக ஆக்கியதா என்னும் வினாக்களை நாம் அதிகம் எழுப்பியதில்லை. வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் அவற்றை எழுப்புவது பொருத்தமாகும்.

இவ்வினாக்களுக்கு இன்று ஓர் உடனடித் தேவையும் உண்டு. 2016 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ள 108 அதிகாரங்களை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு ஆணையிட்டது. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இந்திய அறிவு மரபுகளைப் பள்ளிப் பாடங்களோடு இணைக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, பிரதமரின் உரையில் நம் பக்கத்து ஊராகிய உத்திரமேரூரின் கல்வெட்டு இடம்பெற்றது. மண்ணின் மெய்யியலைக் குடிமைக் கல்வியோடு சேர்க்க வேண்டும் என்பதில் இன்று பலரும் உடன்படுகின்றனர். சேர்ப்பது எவ்வாறு என்பதிலேதான் சிக்கல் இருக்கிறது. பெருமைப் பாடமாகச் சேர்ப்பது ஒரு வழி. ஆராய்ச்சிப் பாடமாகச் சேர்ப்பது மற்றொரு வழி. காஞ்சியின் சான்றுகளைக் கூர்ந்து படித்தால் இரண்டாம் வழியே இவ்வூரின் மரபுக்கு உகந்தது என்பது புலப்படும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல்லின் வரலாறு

கவிஞர்கள் நிறைந்த அவையில் சொல்லிலிருந்து தொடங்குவது தவறாகாது. பள்ளியில் நாம் படித்த பாடத்துக்குக் குடிமையியல் என்று பெயர். அதன் அடிச்சொல்லாகிய 'குடிமை' திருக்குறளின் பொருட்பாலில் ஓர் அதிகாரத்தின் தலைப்பாக நிற்கிறது. ஆனால் ஆங்கு அச்சொல்லின் பொருள் வேறு. நல்ல குடியிற் பிறந்தாரின் இயல்பு என்பதே உரையாசிரியர்கள் அதற்குக் கொண்ட பொருள். அவ்வுரையாசிரியருள் தலைசிறந்தவராகிய பரிமேலழகர் இக்காஞ்சியைச் சேர்ந்தவர் என்று மரபு கூறுகிறது. எனவே குடிமை என்பது முதலில் பிறப்பைச் சார்ந்த சொல்லாக இருந்தது.

'குடிமக்கள்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் கசப்பானது. நாட்டுப்புற வழக்கில் ஊருக்கு ஊழியம் செய்யும் நாவிதர், வண்ணார் முதலியோரையே அச்சொல் குறித்தது. குடிமகன் வந்தானா என்று நிலவுடைமையாளர் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒருவர் கேட்டால், முடி திருத்துவோர் வந்தாரா என்பதே அதன் பொருளாக இருந்தது. மேலோரின் பிறப்பைக் குறித்த 'குடிமை'யும், ஊழியம் செய்வோரைக் குறித்த 'குடிமகன்' என்ற சொல்லும், 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் கீழ் ஒரே பொருளில் வந்து சேர்ந்தன. பிறப்பு எதுவாயினும், தொழில் எதுவாயினும், வாக்கு ஒன்று என்பதே அப்பொருள். இன்று வகுப்பறையில் குடிமகன் என்றதும் பிள்ளைகள் வேறொரு பொருளை நினைத்துச் சிரிக்கின்றனர். சிரிப்பு அடங்கியபின் இச்சொல் கடந்துவந்த தொலைவை ஆசிரியர் எடுத்துச் சொல்வாராயின், குடிமைப் பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பன்னிரண்டு வயது அரசன்

பெரிய காஞ்சிபுரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. பரமேச்சுர விண்ணகரம் என்பது அதன் பழம்பெயர். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவமல்லன் எடுப்பித்த கோயில் அது. அதன் திருச்சுற்று மாளிகைச் சுவரில் பல்லவ மரபின் வரலாறு வரிசை வரிசையாகச் சிற்பங்களில் சொல்லப்பட்டுள்ளது. சில சிற்பங்களுக்கு அருகில் விளக்கக் குறிப்புகளும் வெட்டப்பட்டுள்ளன. இச்சிற்பங்களை முறையாக ஆராய்ந்தவர் அறிஞர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாகிய அவர் 1940 இல் இளவயதிலேயே மறைந்தார். அவரது ஆய்வு நூல் மறுஆண்டில் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது.

அச்சுவர் சொல்லும் செய்தி இது. பரமேசுவரவர்மன் இறந்தபின் அரியணைக்கு உரியவர் இல்லாமற் போயினர். அமைச்சர் குழுவினரும், மூலப்பிரகிருதியார் எனப்பட்டோரும், கடிகையாரும் ஒன்றுகூடிப் பல்லவர் கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று ஓர் அரசனைத் தருமாறு வேண்டினர். மூலப்பிரகிருதியார் என்போர் மக்களுள் முதன்மையானோர் என்று அறிஞர் பொருள் கொள்வர். இரணியவர்மனின் மக்களுள் மூத்தவர் மூவரும் மறுத்துவிட்டனர். இளையவனாகிய பல்லவமல்லன் இசைந்தான். அப்போது அவனுக்கு வயது 12. தந்தை தயங்கியும் பெரியோர் தேற்ற, சிறுவன் புறப்பட்டுக் காஞ்சி வந்தான். நகரத்தார் எதிர்கொண்டனர். நந்திவர்மன் என்ற பெயரோடு முடிசூடினான். குடிமக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றே அவனுடைய காசக்குடிச் செப்பேடும் அவனைக் குறிக்கிறது.

இவ்வரலாற்றில் கடிகையார் இடம்பெறுவது நம் கவனத்துக்குரியது. கடிகை என்பது உயர்கல்வி நிலையம். கடிகையார் அதன் ஆசிரியப் பெருமக்கள். கற்பிப்போர் ஏட்டோடு நில்லாமல், அரசு யாரிடம் சேரவேண்டும் என்னும் முடிவில் பங்குகொண்டனர் என்று இச்சுவர் சொல்கிறது. கைலாசநாதர் கோயிலில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பொறித்த கன்னடக் கல்வெட்டும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. காஞ்சியை வென்ற அவன் அக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் திருப்பி அளித்தான். தன் கல்வெட்டை அழிப்போர், இந்நகரின் கடிகைப் பெருமக்களைக் கொன்றவர் சேரும் உலகைச் சேர்வர் என்று சாபமும் எழுதிவைத்தான். பகையரசனும் மதித்த கல்விக்கூடம் அது.

ஆனால் இங்கே நாம் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். அச்சுவரை வெட்டுவித்தவன் அரியணை ஏறிய அதே நந்திவர்மன். தன் வரவை நியாயப்படுத்த அவன் சொன்ன கதையாகவும் இது இருக்கலாம் அன்றோ? ஆம், இருக்கலாம். அப்படியே கொண்டாலும் ஓர் உண்மை எஞ்சுகிறது. மக்கள் என்னை அழைத்தனர் என்று சொன்னால்தான் தன் ஆட்சிக்கு மதிப்பு என்று எட்டாம் நூற்றாண்டுக் காஞ்சியில் ஓர் அரசன் எண்ணியிருக்கிறான். வாளால் பெற்றேன் என்பது மட்டும் அவனுக்குப் போதவில்லை. அரசன் சொன்னதை அப்படியே ஏற்பதும் அடியோடு தள்ளுவதும் எளியவை. அவன் ஏன் அதைச் சொன்னான் என்று கேட்பதே வரலாற்றுப் பயிற்சி. குடிமைப் பயிற்சியும் அதுவே.

கடிகையின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. கருநாடகத்துத் தாளகுண்டாத் தூண் கல்வெட்டு மயூரசர்மன் என்னும் மாணவனைப் பற்றிக் கூறுகிறது. ஆசான் வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்த அவன், பல்லவக் குதிரை வீரனோடு ஏற்பட்ட பூசலில் அவமதிக்கப்பட்டான். கற்றவனுக்கும் இங்கே காவல் இல்லையே என்று வெகுண்டு, நூலைப் பிடித்த கையில் வாளைப் பிடித்தான். நான்காம் நூற்றாண்டில் கடம்பர் அரசு அவனிடமிருந்து தோன்றியது. அளவற்ற கல்வியுடைய ஊர், கற்க வந்த ஒருவனின் மானத்தைக் காக்கத் தவறியது என்பதற்கு இது சான்று.

உத்திரமேரூர்: படித்ததும் படிக்காமல் விட்டதும்

காஞ்சியின் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கும் உத்திரமேரூரும் அதே நந்திவர்மன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாகத் தோன்றியது. அங்கும் ஒரு வைகுண்டப் பெருமாள் கோயில். ஊர்ச்சபை கூடிய அம்மண்டபத்தின் சுவரிலேயே முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அவை முறையே கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை.

தேர்தல் நடந்த முறையைக் கல்வெட்டு கண்முன் நிறுத்துகிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, கட்டாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறியோரும் பெரியோரும் அடங்கச் சபை கூடிற்று. ஊரிலிருந்த கோயில் நம்பிமார் அனைவரும் வந்திருத்தல் வேண்டும். அவருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டு வேறொரு குடத்தில் அவிழ்த்துக் குலுக்கப்பட, அதிலிருந்து ஓர் ஓலையைச் சிறுவன் எடுத்துத் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். நம்பிமாரும் வாசிப்பர். அதன் பின்னரே பெயர் எழுதப்படும். இவ்வாறு தேர்ந்த 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் ஓராண்டு, ஊதியமில்லை. வாரியம் என்ற அச்சொல் இன்றும் மின்வாரியமாகவும் குடிநீர் வாரியமாகவும் நம் நாவில் வாழ்கிறது.

இப்பகுதி நம் பள்ளிப் பாடநூல்களில் வருகிறது. பிள்ளைகள் குடவோலை என்ற சொல்லை எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால் கல்வெட்டின் மற்ற வரிகளே குடிமைக்கு இன்றியமையாதவை. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய தந்தைவழி, தாய்வழி, மனைவிவழி உறவினரும் நிற்க முடியாது. பிறர்பொருள் கவர்ந்தவருக்கும் இடமில்லை. மேலும், முதற் கல்வெட்டில் தகுதி வயது 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது 35க்கு மேல் 70க்குள் எனத் திருத்தப்பட்டது. கல்லில் வெட்டிய சட்டத்தையும் குறை கண்டவிடத்து மாற்றலாம் என்று அச்சபை கருதியது. மரபு என்றால் மாறாதது என்று கருதுவோர் அவ்விரு கல்வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பாராக.

இனிச் சொல்லாமல் விடப்படும் பகுதிக்கு வருவோம். நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அரைக்கால் வேலியே உடையவராயின் ஒரு வேதத்தோடு ஒரு பாடியமும் வல்லவராக இருத்தல் வேண்டும். ஆகவே இது அந்தணர் சபை. அவ்வூர் நிலத்தை உழுதவர் குடவோலையில் இல்லை. பெண் இல்லை. நிலமற்றவர் இல்லை. ஏரி வாரியம் காத்த ஏரியைத் தோண்டித் தூர் எடுத்த கைகளுக்கு அந்த ஏரியைப் பற்றிச் சபையில் பேச உரிமை இல்லை. இதனை உலகின் முதல் மக்களாட்சி என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், உழுதவர் வீட்டுப் பிள்ளை அவ்வகுப்பில் எங்கே தன்னை வைத்துப் பார்க்கும்?

இவ்விடர்ப்பாட்டை நன்கு உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், பழைய கிராமங்களைப் போற்றிப் பாடுவதை அவர் கடுமையாக மறுத்தார். மறு ஆண்டு நவம்பர் 25 அன்று அதே சபையில், இந்நாடு மக்களாட்சி நெறிகளை அறியாத நாடன்று, பௌத்த சங்கங்கள் தீர்மானம், வாக்கெடுப்பு முதலிய விதிகளைக் கையாண்டன என்றும் அவரே எடுத்துரைத்தார். இரண்டும் முரண் அல்ல. மரபில் நெறிமுறையைக் கண்டபோது ஏற்றார். அடக்குமுறையைக் கண்டபோது மறுத்தார். நாம் பின்பற்றத்தக்க அளவுகோல் இதுவே.

அளவுகோல் இல்லாத பெருமை என்ன செய்யும் என்பதை நம் காலமே காட்டியது. 1992 ஆம் ஆண்டின் 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சித் தலைமையை ஒடுக்கப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கியது. ஆனால் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் பத்தாண்டுகள் ஒதுக்கீட்டுத் தலைவர் ஒருவர் நிலைத்து அமர முடியவில்லை. 2006 இல்தான் அது இயன்றது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். குடவோலையைப் பாடத்தில் படித்த தலைமுறையே அவ்வூர்களிலும் வாழ்ந்தது.

ஊரகத்துச் செப்பேடு

உத்திரமேரூர்ச் சபையில் நில உடைமையும் வேதமும் தகுதியாயின எனக் கண்டோம். காஞ்சி நகரிலோ வேறொரு காட்சி. பெரிய காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாள் கோயிலுக்கு ஊரகம் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தமசோழனின் செப்பேடு, இக்கோயிலின் நிர்வாகத்தைப் பற்றியது. அது சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்காலக் காஞ்சியில் பட்டுச்சாலியர் வாழ்ந்த நான்கு சேரிகளை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. சேரி என்பது அன்று குடியிருப்பு என்னும் பொதுப்பொருளையே தந்தது. அந்நெசவாளரிடம் கோயிலின் முதலும் நிர்வாகப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டன. திருவிழா முடிந்தவுடன் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க வேண்டும் என்றும், நகரத்து ஆண்டு வாரியர் அதில் இருத்தல் வேண்டும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது.

வேதம் ஓதியோர் மட்டுமே பொதுக்காரியம் பார்த்தனர் என்பதற்கு இச்செப்பேடு மறுப்பாக நிற்கிறது. நூலைப் பாவாக இழுத்த கைகள் கோயிற் கணக்கையும் பார்த்தன. குடவோலையை அறிந்த நம் ஊர்ப் பிள்ளைகள், தங்கள் தெருவின் நெசவாளர் கணக்குப் பார்த்த இவ்வரலாற்றை அறிந்தாரில்லை. பாடநூல் மாநிலம் முழுமைக்கும் ஒன்று. ஆதலால் ஒவ்வோர் ஊரின் செய்தியும் அதில் இடம்பெற இயலாது. அந்த இடைவெளியை நிரப்புவது அவ்வூர் ஆசிரியரின் கடமை. நம் போன்ற இலக்கிய அமைப்புகளின் கடமையும் ஆகும்.

காஞ்சியின் மெய்யியல்: அளவை

இதுவரை நிறுவனங்களைப் பார்த்தோம். இவ்வூரின் மெய்யியல் யாது? பலரும் பக்தியை நினைப்பர். அதுவும் உண்மையே. ஆனால் பக்திக்கு இணையாக மற்றொரு பெருமரபும் இங்கே வாழ்ந்தது. அது அளவை மரபு. ஒன்று உண்மை என்பதை எவ்வழியால் அறிகிறாய் என்று கேட்கும் தருக்க நெறி அது. பௌத்தத் தருக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் திங்நாகர் காஞ்சியை அடுத்த பகுதியில் பிறந்தவர் என்பது வழிவழிச் செய்தி.

மணிமேகலைக் காப்பியம் இம்மரபைத் தமிழில் காத்துத் தந்தது. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கேட்பதற்கு முன் எவரையும் தள்ளவில்லை. கேட்டதற்காக எவரையும் ஏற்கவுமில்லை. பின்னர்க் காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் தருமம் கேட்கும்போது, அடிகள் முதலில் கற்பிப்பது அளவையையே. காட்சியும் கருத்தளவும் மெய்யறிவுக்குரிய வாயில்கள். சரியான எடுத்துக்காட்டு எது, போலி எடுத்துக்காட்டு எது என்று நீளமாக விளக்குகிறார். காப்பியச் சுவைக்கு இடையூறு என்று இப்பகுதியைக் குறைகூறிய திறனாய்வாளரும் உளர். ஆனால் துறவு பூணும் ஓர் இளம்பெண்ணுக்கு முதலில் தரப்பட்ட படைக்கலம் சரியாகச் சிந்திக்கும் முறை என்பதை எண்ணும்போது, அப்பகுதியே காப்பியத்தின் நெஞ்சாகத் தோன்றுகிறது.

இதனோடு ஒரு நவீன ஆவணத்தை ஒப்பிடலாம். விடுதலைக்குப் பின் உயர்நிலைக் கல்வியைச் சீரமைக்க 1952 இல் அமைந்த குழுவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமை ஏற்றார். மக்களாட்சிக் குடிமையை வளர்ப்பது பள்ளியின் தலையாய நோக்கம் என்று அக்குழுவின் 1953 அறிக்கை கூறிற்று. அதற்கு வேண்டிய திறன்களுள், மெய்யையும் பொய்யையும், செய்தியையும் பரப்புரையையும் பிரித்தறியும் தெளிவு முதன்மையானது என்றும் விளக்கிற்று. அறவண அடிகள் கற்பித்ததும் இதுவன்றி வேறு யாது? நொடியில் ஆயிரம் செய்திகள் கைப்பேசியில் வந்து விழும் இக்காலத்தில், இதனை யார் சொன்னார், எதனால் அறிந்தார், எடுத்துக்காட்டு பொருந்துமா என்று கேட்கக் கற்பிப்பதே மண்ணின் மெய்யியலைக் கற்பிப்பதாகும். திருக்குறளுக்கும் இது பொருந்தும். அவையறிதல், அவையஞ்சாமை என இரு அதிகாரங்கள் அந்நூலில் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவன் அவையில் எழுந்து ஒரு வினாக் கேட்க அஞ்சுவானாயின், 108 அதிகாரங்களும் அவனிடம் சேர்ந்தன என்று சொல்ல இயலுமா?

தறியடியில் ஒரு சிறுவன்

கல்வி பற்றிப் பேசும் காஞ்சிக்காரர் கடந்து செல்ல முடியாத ஓர் இடம் தறி. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தவை. மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்து அவற்றை இணைக்க நெசவாளரின் இரு கைகள் போதா. பக்கத்தில் அமர்ந்து கரைப்பக்கத்து நாடாவைத் தள்ளித் தர மற்றொருவர் வேண்டும். உலகம் வியக்கும் அந்தக் கரைக்குத் துணைக்கையாக நெடுங்காலம் இருந்தவர் பெரும்பாலும் சிறுவர், சிறுமியர். வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அனுப்பப்பட்ட அயல்வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 இலும், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986 இலும் வந்தன. ஆயினும் அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் இவ்வூர்த் தறிக்குழிகளில் பள்ளி வயதுப் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். சிறப்புப் பள்ளிகளும், கூட்டுறவுச் சங்கங்களும், தொண்டர்களும், மனம் மாறிய பெற்றோரும் சேர்ந்தே அந்நிலையை மெல்ல மாற்றினர். 2002 இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

மேலே மூன்று சிறுவரைக் கண்டோம். 12 வயதில் அரசனாக அழைக்கப்பட்ட பல்லவமல்லன் ஒருவன். குடத்தில் கையிட்டு ஓலை எடுத்த உத்திரமேரூர்ச் சிறுவன் ஒருவன். தறியடியில் நாடா தள்ளிய காஞ்சிச் சிறுவன் ஒருவன். முதல்வனின் பெயர் கல்லில் இருக்கிறது. இரண்டாமவனின் செயல் கல்லில் இருக்கிறது, பெயர் இல்லை. மூன்றாமவனின் பெயரும் இல்லை; செயலும் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவன் உழைப்பு மட்டும் யாரோ ஒரு மணப்பெண்ணின் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நாம் எழுதும் குடிமைப் பாடம் மூன்றாமவனுக்கும் உரியதாக இருத்தல் வேண்டும்.

பசித்த பிள்ளைக்கு எப்பாடமும் ஏறாது என்பதையும் காஞ்சியின் காப்பியம் அறிந்திருந்தது. வறட்சியால் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை வந்தது அமுதசுரபியோடு. பல மொழி பேசுவோரும், கண் காணாதோரும், காது கேளாதோரும், கால் முடமானோரும் ஒருங்கே உண்டனர் என்று அக்காதை சொல்கிறது. உண்டவரிடம் குடும்பு எது, நிலம் எவ்வளவு என்று கேட்கப்படவில்லை. 1920 இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவும், 1956 இல் காமராசர் விரித்த மதிய உணவும், 1982 இல் எம்.ஜி.ஆர். வளர்த்த சத்துணவும், 2022 இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியும் அக்காதையின் தொடர்ச்சியே எனலாம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் அந்தப் பந்தி, எழுத்தில்லாத குடிமைப் பாடம்.

பள்ளிக்கு வெளியிலும் இவ்வூர் குடிமைக் கல்வி தந்ததுண்டு. 1909 இல் காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, இங்குள்ள பச்சையப்பன் பள்ளியிலே பயின்றவர். அவர் தலைமையேற்ற இயக்கம் தெருமுனைப் பேச்சையும் படிப்பகத்தையும் எளியோரின் வகுப்பறையாக்கியது. ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, எழுத்தறியாத நால்வர் கேட்டு விவாதித்த அத்திண்ணைகளில் கடிகையின் வாசல் எல்லாருக்கும் திறந்தது.

நாம் செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து என்ன கொள்ளலாம்? உத்திரமேரூர்க் கல்வெட்டை வகுப்பில் முழுமையாகப் படிக்கலாம். சிறப்பையும் குறையையும் மாணவரே இரு பத்தியாக எழுதட்டும். வகுப்புத் தலைவரை வாக்கால் தேர்ந்து, அவர் பருவ இறுதியில் வகுப்பின் சிறு செலவுகளுக்குக் கணக்குக் காட்டட்டும். காட்டாதவர் மறுமுறை நிற்றல் கூடாது என்பதையும் அம்மாணவரே விதியாக்கட்டும். ஒரு குறளை எடுத்து, அதனோடு உடன்படுவோரும் மாறுபடுவோரும் அளவை முறையில் வாதிடட்டும். மாறுபடுவது குற்றமன்று என்பதை ஆசிரியர் காத்து நிற்க வேண்டும். இவற்றுக்குப் புதிய பாடநூல் தேவையில்லை.

நம் வட்டத்துக்கும் இதில் ஒரு பணி உண்டு. அடுத்த பத்தாண்டில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுக்கும், ஊரகத்துக்கும், உத்திரமேரூர் மண்டபத்துக்கும் அழைத்துச் செல்வோம். நெசவுத் தெருப் பிள்ளைகள் முதல் வரிசையில் வரட்டும். சிற்பத்தைக் காட்டுவோம், எழுத்தைப் படித்துச் சொல்வோம். அதன்பின் நாம் பேச்சை நிறுத்திவிட்டு, இதில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்த்துச் சொல்லுமாறு அப்பிள்ளைகளிடம் கேட்போம். அவர்கள் சொல்லப்போகும் விடைகளில் சில நமக்கு உவப்பாக இரா. இருந்தாலும் இருந்து கேட்போம்.